ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தோட்டம்

(சதைப்பற்றுச் செடிகளை வீட்டில் வளர்க்கும் முறை)



சிவில் பிரிவில் படிக்கிற பெண், கட்டுமானத்தைப் பற்றி எழுதாமல் கள்ளிச் செடியைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மணல், சல்லடை, வெற்றிடம், நீர் வடிதல், நுண்புழை ஏற்றம் என்று நாம் மண் ஆய்வகத்தில் படிக்கிற பாடம் முழுவதும் ஒரு சின்னத் தொட்டிக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் பாடம் தெரியாததால்தான் இந்தச் செடிகள் நம் வீடுகளில் சாகின்றன.

கல்விச் சுற்றுலா போய் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ திரும்பும்போது, பஸ்ஸில் நம்மில் பாதிப் பேர் மடியில் ஒரு குட்டித் தொட்டி இருக்கும். ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய தடித்த இலைகள். பார்க்க அவ்வளவு அழகு! “தண்ணியே வேண்டாம், அதுபாட்டுக்கு வளரும்”னு கடைக்காரர் சொல்லியிருப்பார். ஊருக்கு வந்து ரெண்டு மாசத்துல இலை மஞ்சளாகி, கொழகொழன்னு ஆகி, தொட்டா கையோட வந்துடும். “எனக்குச் செடி ராசி இல்லப்பா”ன்னு தொட்டியைத் தூக்கிப் போட்டுடுவோம்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மற்ற செடிகள் கவனிப்பு இல்லாமல் சாகும். இவை அளவுக்கு மீறிய கவனிப்பால் சாகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். இடமும் தண்ணீரும் பணமும் குறைவாக உள்ள நம்மைப் போன்ற வீடுகளிலும் ஒரு தோட்டம் வைக்கலாம்.

1. இவை புதிய செடிகள் அல்ல

கடைகளில் இவற்றுக்கு ‘சக்குலென்ட்’ என்று பெயர். தமிழில் சதைப்பற்றுச் செடிகள் என்கிறோம். இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, வறண்ட நாட்களில் அதைச் செலவு செய்து வாழும் செடிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பேரைக் கேட்டால் ஏதோ பணக்கார வீட்டு மேஜைச் செடி போலத் தோன்றும். ஆனால் பட்டியலைப் பாருங்கள்:

இலையில் தண்ணீர் வைப்பவை: சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, பாம்புக்கற்றாழை, ஆனைக்கற்றாழை, பத்துமணிப்பூ என்கிற டேபிள் ரோஸ்.

தண்டில் தண்ணீர் வைப்பவை: பிரண்டை, சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி.

அடித்தண்டு பருத்து அதில் தண்ணீர் வைப்பது: பாலைவன ரோஜா என்கிற அடீனியம்.

பிரண்டைத் துவையல் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சக்குலென்ட் சாப்பிட்டவர்கள்தான்! எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பிரண்டையைக் கணுவோடு ஒடித்து, ரெண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, பிறகு வேலியோரம் ஊன்றுவார். அந்த ‘ரெண்டு நாள்’ ஏன் என்பதற்கான அறிவியல் விளக்கம் கீழே ஆறாம் பகுதியில் வருகிறது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். முள் இருப்பதெல்லாம் ஒரே குடும்பம் இல்லை. சப்பாத்திக்கள்ளி ‘கேக்டஸ்’ குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகள் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம் காட்டுச் சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம். அடையாளம் சுலபம். கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியில் அந்தத் திட்டு இருக்காது. கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் பொல்லாதது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் புண்ணாகும்.

“முள்ளுச் செடியை வீட்டுல வெச்சா சண்டை வரும், ஆகாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் முள்ளும் கள்ளிப்பாலும் ஆபத்து என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் திருஷ்டிக்காகச் சோற்றுக்கற்றாழையை வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதும் நாம்தானே! மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் மாசக்கணக்கில் அது பச்சையாக இருக்கிறது. இந்தச் செடிகளைப் பற்றிய முதல் பாடமே அந்த வாசலில் தொங்குகிறது. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முள் இல்லாத வகையாக வையுங்கள். பெரியவர்களோடு சண்டை போட்டுச் செடி வளர்க்க வேண்டியதில்லை.

2. ராத்திரியில் கதவு திறக்கும் செடி

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன்-டை-ஆக்சைடை எடுத்து, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். துளை திறந்திருக்கும்போது உள்ளே இருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். நம் ஊர் வெயிலில் அது பெரிய நஷ்டம்.

சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, சப்பாத்திக்கள்ளி, பாம்புக்கற்றாழை, அன்னாசி போன்றவை வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. குளிர்ந்த இரவில் திறந்து கார்பன்-டை-ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேமித்ததை வெளிச்சத்தில் எடுத்து உணவாக்குகின்றன. ரணகள்ளியின் குடும்பப் பெயர் கிராசுலேசியே என்பதால் இந்த முறைக்கு ‘கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம்’ என்று பெயர்.

இதற்கான ஆரம்பக் குறிப்புகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்தே போயிருக்கிறது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரத்தில் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, மதியத்தில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு! அவர் எழுதியது 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்ற முழு விளக்கம் கிடைக்கப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது.

நாம் வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். ரணகள்ளியை அதிகம் தின்னும் மாட்டின் இதயத்தையே அது பாதிக்கும். வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பி.எச். தாள் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு மணிக்கு ஓர் இலை, சாயங்காலம் நாலரை மணிக்கு ஓர் இலை பறித்து, இரண்டையும் தனித்தனியாக நாலு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு நசுக்கித் தாளில் தொட்டுப் பாருங்கள். காலை இலையின் சாறு அதிக அமிலத்தன்மை காட்டும். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு இது நல்ல செய்முறை.

இதில் ஒரு வியாபாரப் பொய்யையும் கவனியுங்கள். “பாம்புக்கற்றாழை ராத்திரியில் ஆக்சிஜன் கொடுக்கும், படுக்கை அறையில் வையுங்கள்” என்று விற்கிறார்கள். அது இரவில் எடுப்பது கார்பன்-டை-ஆக்சைடை. ஆக்சிஜன் உருவாவதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அது பகல் வேலை. நாசா சொன்னது என்று அவர்கள் காட்டும் 1989-ம் ஆண்டு ஆய்வு, காற்றுப் புகாத மூடிய பெட்டிக்குள் செய்தது. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. செடி அழகுக்காக வாங்குங்கள், ஆக்சிஜனுக்காக வாங்காதீர்கள்.

3. மண்: எம்-25 விகிதம், ஆனால் நேர்மாறான நோக்கம்

இனி நம் பாடம். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம் முழுவதும் தண்ணீர் நின்றுவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். ஈரத்தில் வளரும் பூஞ்சை அந்த நேரம் பார்த்து உள்ளே புகும். இதுதான் ‘அழுகல்’.

நர்சரியில் செடியைத் தென்னை நார்க்கழிவில் வைத்துத் தருவார்கள். அவர்களுக்கு அது எடை குறைவு, வண்டியில் ஏற்ற வசதி. நமக்கோ தொல்லை. நனைந்தால் நாள் கணக்கில் ஈரம் வைத்திருக்கும். வாங்கிய ஒரு வாரத்துக்குள் மண் மாற்றிவிடுவது நல்லது.

நான் பயன்படுத்தும் கலவை, கன அளவில்:

செம்மண் – 1 பங்கு
நன்றாக மக்கிய தொழு உரம் – 1 பங்கு
கப்பியும் செங்கல் உடைசலும் – 2 பங்கு

1:1:2. நம் எம்-25 கான்கிரீட்டின் விகிதமேதான்! மறக்காது. ஆனால் கான்கிரீட்டில் வெற்றிடத்தை நிரப்புவது நம் வேலை. தொட்டியில் வெற்றிடத்தைக் காப்பாற்றுவது நம் வேலை. அதனால் பொடி மணல் கூடாது. பொடி மணல் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்.

எங்கள் அப்பா கொத்தனார். பூச்சு வேலைக்கு மணல் சலிக்கும்போது சல்லடைக்கு மேலே நிற்கிற கப்பியை ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். இந்தச் செடிக்கு வேண்டியது அந்தக் கழிவுதான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். ‘நீர்க்கசிவுத்திறன்’ என்ற சொல்லை நான் வகுப்பில் படித்தேன், அப்பா படிக்கவில்லை. ஆனால் ஈர மணலைக் கையில் பிடித்து அழுத்திவிட்டு விரலை விரித்து, “இது நிக்கும், இது வடியும்”னு சொல்லிடுவார். நீங்களும் அதைச் செய்து பாருங்கள். கலவையை ஈரமாக்கி உருண்டை பிடித்தால், கை விரித்ததும் அது உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் கப்பி சேருங்கள்.

ஆய்வகச் சல்லடைக் கணக்கில் சொன்னால், 4.75 மி.மீ. சல்லடையில் கீழே விழுந்து 2.36 மி.மீ. சல்லடையில் நிற்கும் துகள் சின்னத் தொட்டிக்கு மிகவும் ஏற்றது. கப்பியை இரண்டு முறை கழுவித் தூசியை வடித்துவிடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு. சிமெண்ட் கலந்த இடிபாடும் வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை ஆக்கிவிடும்.

4. தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் சோதனையும்

மண் தொட்டி நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் டப்பாவும் பரவாயில்லை, ஆனால் அடியில் துளை கட்டாயம். துளை இல்லாத பீங்கான் கோப்பை, கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் புகைப்படத்துக்கு அழகு, செடிக்குச் சமாதி. செடியைவிட ஓர் அங்குலம் பெரிய தொட்டி போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும்.

“அடியில் ரெண்டு அங்குலம் ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்” என்று எல்லாரும் சொல்வார்கள். இது தவறு. ஒரு பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும்! ஏன்? நுண்புழை விசையால் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தங்கும். அந்த உயரம், துகள்களின் இடைவெளி அளவைப் பொறுத்தது. படுக்கையாக இருக்கும்போது ஸ்பாஞ்சின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. நிமிர்த்தினால் கொஞ்சம்தான் அடங்குகிறது.

தொட்டியிலும் இதே கதை. அடியில் ஜல்லி போட்டால், மேலே உள்ள மண்ணின் ஆழம் குறைகிறது. தங்கும் ஈரத்தின் உயரமோ குறையவில்லை. ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது! ஆகவே ஜல்லி அடுக்கு வேண்டாம். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு, மண் கொட்டாமல் இருக்க. அதற்கு மேல் முழுவதும் ஒரே கலவை. கப்பி கலவைக்குள் இருக்க வேண்டும், அடியில் தனியாக இருக்கக் கூடாது.

5. தண்ணீர்: காலண்டரைக் கேட்காதே, மண்ணைக் கேள்

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான். அம்மாவும் நானும் மாறி மாறிக் குடத்தோடு வரிசையில் நிற்போம். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் யாருக்குத்தான் மனசு வரும்? ரோஜா பத்துத் தொட்டி வைத்தால் கோடையில் தினமும் முக்கால் குடமாவது போய்விடும். சதைப்பற்றுச் செடி பத்துத் தொட்டிக்கு, தொட்டிக்கு ஒரு தம்ளர் வீதம் ஒரு முறைக்கு ரெண்டு லிட்டர். அதுவும் எட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை. “இதுக்கு வேணா ஊத்திக்கோ”ன்னு அம்மா அனுமதி கொடுத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். தண்ணீர் இல்லாத வீட்டில் பச்சை கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. எந்தப் பச்சை என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊற்றும் முறை:

(அ) ஒரு ஈர்க்குச்சியை மண்ணுக்குள் அடிவரை செருகி ரெண்டு நிமிஷம் கழித்து எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தும் சொல்லலாம். காய்ந்த தொட்டியின் எடை நாலு தடவையில் கைக்குப் பழகிவிடும்.

(ஆ) ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு ஸ்பூன் தெளிப்பது தவறு. மேல்மண் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும், வேர் கீழே இறங்காது. அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

(இ) இலை அடுக்கின் நடுவில் தண்ணீர் நிற்கக் கூடாது. மண்ணில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள்.

(ஈ) காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். உச்சிவெயிலில் சூடாகக் கிடக்கும் தொட்டியில் ஊற்றினால் வேர் வெந்துபோகும்.

(உ) ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீராக இருந்தால் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் படிவு கட்டும். அப்போது மழைத் தண்ணீர் பிடித்து நிறைய ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

நம் ஊர்ப் பருவத்தில் கவனிக்க வேண்டியவை:

சித்திரை, வைகாசி வெயிலில் ஊட்டி வகை ரோஜா அடுக்குச் செடிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இவற்றின் சொந்த ஊர் மெக்சிகோவின் மேட்டுநிலங்கள். இரவு குளிர்ந்தால்தான் அவற்றுக்கு நிம்மதி. ‘வாடுதே’ என்று இரக்கப்பட்டு அதிகம் ஊற்றினால் அழுகும். நிழல்தான் மருந்து. அடீனியம் மட்டும் இந்த வெயிலில் குஷியாகப் பூக்கும். அதற்குத் தண்ணீர் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான எமன். வெயிலில் தப்பிய செடி மழையில் சாகும். தாழ்வாரத்துக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். அந்த ரெண்டு மாசம் நீங்களாகத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே அநேகமாக வராது.

மார்கழி, தை குளிரில் அடீனியம் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். செத்துப்போச்சு என்று நினைத்து ஊற்றித் தொலைக்காதீர்கள்.

செடி என்ன சொல்கிறது?

இலை சுருங்கி, மெலிந்து, சுருக்கம் விழுந்தால் தாகம். தண்ணீர் ஊற்றினால் ரெண்டு மூணு நாளில் நிமிரும். இலை மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி, கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். சுருக்கமும் இருக்கிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் வேர் அழுகிவிட்டது. தண்ணீர் இருந்தும் உறிஞ்ச ஆளில்லை. உடனே பிடுங்கி, கறுத்த பகுதியை நல்ல பிளேடால் வெட்டி, வெட்டுவாயில் பழுப்பு நிறமே இல்லாத இடம் வரும்வரை போய், காயவைத்து மறுபடி நட வேண்டும். அடியிலிருந்து இரண்டு இலை மட்டும் காகிதம்போலக் காய்ந்தால் கவலை வேண்டாம், அது வயசான இலை.

6. வெளிச்சமும் குட்டிகளும்

டியூப்லைட் வெளிச்சத்தில் படிக்கலாம், கள்ளி வளராது. வெளிச்சம் போதாத செடி, கழுத்தை நீட்டி ஒல்லியாக உயர்ந்து இலைகளுக்கு நடுவே இடைவெளி விடும். ‘நல்லா வளருது’ என்று சந்தோஷப்படாதீர்கள். அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. மேல்பாகத்தை வெட்டிப் புதிதாக நட வேண்டியதுதான். கிழக்குப் பார்த்த ஜன்னலோ திண்ணையோ மிக நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழேயும், மேற்குச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். இரவெல்லாம் அனல் அடிக்கும். நிழலில் இருந்ததைத் திடீரென்று மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலை வெந்து தழும்பு விழும். பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஜன்னல் இல்லாத விடுதி அறைக்குப் பாம்புக்கற்றாழை ஒன்றுதான் ஓரளவு தாங்கும். அதையும் வாரத்தில் ரெண்டு நாள் வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள்.

காசு கொடுத்து ஒரு செடி வாங்கினால் போதும், மற்றதெல்லாம் அதுவே தரும். ரணகள்ளி இலையை மண்மேல் போட்டால் விளிம்பில் வரிசையாகக் குட்டி முளைக்கும். ரோஜா அடுக்குச் செடிகளில் முழு இலையைக் கிழியாமல் அடியோடு பிரித்து எடுத்துக் காய்ந்த கலவைமேல் வையுங்கள். பாம்புக்கற்றாழை இலையைத் துண்டு போட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றலாம். ஆனால் மஞ்சள் ஓரம் உள்ள வகை அப்படி வளரும்போது வெறும் பச்சையாகிவிடும். சோற்றுக்கற்றாழை இலை வேர் விடாது, அழுகிவிடும். பக்கக் கன்றைத்தான் எடுக்க வேண்டும்.

வெட்டிய எதையும் உடனே நடாதீர்கள். வெட்டுவாய் ஈரமாக மண்ணில் போனால் பூஞ்சைக்கு வாசல் திறந்தது மாதிரி. நிழலில் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை, தடிமனைப் பொறுத்து, காயவிட்டால் வெட்டுவாயில் தோல் கட்டும். பிறகு நடலாம். ஆயாவின் ‘ரெண்டு நாள்’ இதுதான்!

7. மாவுப்பூச்சி

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். சின்னத் தாக்குதலுக்கு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இலை கருகும். பாதித்த தொட்டியைத் தனியே வைக்க மறக்காதீர்கள்.

“சின்னப் பூச்சி என்ன செய்துவிடும்?” என்று அலட்சியமாக இருக்காதீர்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், சிவப்புச் சாயம் தரும் காக்கினீல் பூச்சியை வளர்க்கும் ஆசையில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். சாயத் தொழில் இங்கே நிலைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வகைகள் மட்டும் தென்னிந்தியாவில் நிலத்தை எல்லாம் மூடிக்கொண்டன. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது! கடைசியில் 1926-ல் இலங்கை வழியாகக் கொண்டுவந்த இன்னொரு வகைக் காக்கினீல் பூச்சிதான் பெரும்பகுதியை அழித்தது. அது நம் மாவுப்பூச்சிக்கு உறவு. கத்தியால் முடியாததைக் கடுகளவு பூச்சி செய்தது என்றால், நம் குட்டித் தொட்டி எம்மாத்திரம்!

வாங்கும்போது இரண்டு ஏமாற்றுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கேக்டஸ் தலையில் பளபளவென்று காய்ந்த பூ இருந்தால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பல நேரம் பசையில் ஒட்டியிருப்பார்கள். பச்சைத் தண்டின்மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக இருப்பது ஒட்டுச்செடி. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை, கீழே இருப்பவன் சம்பாதித்துத்தான் அதற்குச் சாப்பாடு. ரொம்ப வருஷம் ஓடாது.

முடிவாக ஒரு வேண்டுகோள்

பொருள்களின் வலிமை ஆய்வகத்தில் நாம் அமுக்கச் சோதனைக்கு உடைக்கிற செங்கல்கள் எல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. அவை இந்தச் செடிகளுக்கு அருமையான உடைசல். கான்கிரீட் கனசதுரத் துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும். சல்லடை நம்மிடம் இருக்கிறது. விடுதிச் சமையலறையில் எண்ணெய் டப்பாக்கள் வீணாகின்றன. அடியில் துளை போட ஒர்க்‌ஷாப் நண்பர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர் பேரவை இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால், செலவே இல்லாமல் ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்கு ஒரு தொட்டி கொண்டுபோகலாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்ற பேதம் வேண்டாம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது சோற்றுக்கற்றாழைக் கன்று ஏழு நிற்கிறது. வேண்டியவர்கள் வகுப்பில் வந்து கேளுங்கள், தருகிறேன். தொட்டியும் கப்பியும் நீங்கள் கொண்டுவர வேண்டும். தண்ணீர் ஒரு தம்ளர் போதும்.



– மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு